ஒற்றைத் துளை வார்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கத்தி பிடித்துத் தோலின் ஓரம் வெட்டிய கை இது. பேனாவையும் அப்படியே அழுத்திப் பிடிக்கிறது. தாளின் பின்பக்கம் வரை எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும் டேனரியில் என்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றி வாயால் சொல்லத்தான் நினைத்தேன். எதிரில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் மனைவி இன்னும் ஆம்பூரில் இருக்கிறார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் இடுப்புதான் ஞாபகம் வருகிறது. வேட்டிக்கு மேல் ஒரு தோல் வார் கட்டியிருப்பார். எருமைத் தோலில் அவரே வெட்டியது. பித்தளை பக்கிள். வாரில் ஒரே ஒரு துளை. கடையில் விற்கிற பெல்ட்டில் நாலைந்து துளை இருக்கும். மனிதன் இளைப்பான், பெருப்பான் என்று அதைச் செய்தவனுக்குத் தெரியும். இவர் தனக்கு அந்தச் சலுகையைக் கொடுத்துக்கொள்ளவில்லை.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் நான் அந்த டேனரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பண்டிகைக்குக் குறைவில்லை. ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் முதலாளி வேலையாட்கள் எல்லோருக்கும் பிரியாணி போடுவார். தீபாவளிக்கு எங்கள் வீடுகளிலிருந்து முதலாளி வீட்டுக்குப் பலகாரம் போகும். கிறிஸ்மஸுக்குக் கணக்கர் வீட்டிலிருந்து கேக் வரும். பிறகு பொங்கல். சில வருஷங்களில் இவை ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும். எலும்பும் தோலுமாக இருந்தவன்கூட அப்போது கன்னத்தில் சதை வைத்து நடப்பான். அவர் மட்டும் வற்றிப்போவார்.

நான் சேர்ந்த வருஷம் பக்ரீத் முதலில் வந்தது. உப்புக் கொட்டகையைக் கழுவிப் பாய் விரித்து, பெரிய தட்டுகளில் பிரியாணி வைத்தார்கள். ஒரு தட்டைச் சுற்றி நாங்கள் சிலர் உட்கார்ந்தோம். அவர் என் பக்கத்தில். ஒரு கைப்பிடி சோறு எடுத்து, மாடு அசை போடுகிற மாதிரி நெடுநேரம் மென்றார். தன் பக்கம் வந்த கறித்துண்டை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

மேஸ்திரி பார்த்துவிட்டார். "இன்னாய்யா, உனுக்கு மறுபடியும் பொண்ணு பாக்கறாங்களா? இப்படிச் சிக்குனு நிக்கிறியே."

"பண்டிகை நாளைக்குப் போய்டும் மேஸ்திரி. துன்னது போவுமா?"

"போவாட்டி இன்னா? வயித்த எங்கியாவது அடகு வச்சிருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டைவிரலை வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் விட்டுப் பார்த்துக்கொண்டார். விரல் போனது. அதற்கப்புறம் இன்னொரு கவளம் எடுத்தார். வயதான ஆட்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கொஞ்ச நாளில் என்னை ஓரம் வெட்டும் வேலையிலிருந்து எடுத்து அவரோடு டிரம்மில் போட்டார்கள். டிரம் என்பது ஒரு சிறிய அறை அளவுக்கு இருக்கும் மர உருளை. தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுவார்கள். அதன் வயிற்றில் ஒரு கதவு. அந்தக் காலத்து டிரம்முக்கு, தண்ணீர் ஒழுகாமல் இருக்க, கதவு மிகவும் சிறிதாக இருக்கும். சுற்றி முடிந்த பிறகு ஒரு ஆள் அந்தக் கதவு வழியாக உள்ளே போய், ஈரத் தோலை ஒவ்வொன்றாக வெளியே தள்ள வேண்டும். வெளியே இன்னொரு ஆள் நின்று வாங்கிப் போடுவான்.

முதல் நாள் அவர் தன் வாரைக் கழற்றி என் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். பக்கிள் தாராளமாக மாட்டியது.

"நீ ஒல்லி. உள்ள போறது நீ. கல்யாணம் ஆவட்டும், அப்பால பாக்கலாம்" என்றார்.

"நீங்க வெளியதான நிக்கப்போறீங்க, உங்களுக்கு எதுக்குண்ணே வாரு?" என்று கேட்டுவிட்டேன். அன்று எப்படியோ வாய் வந்துவிட்டது.

"வெளிய நிக்கறவன் நுழைய முடியாத டிரம்முல எவனும் உள்ள போவக்கூடாது" என்றார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். உள்ளே போனவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் என்ன பேசுவேன்? முதல் இரண்டு வார்த்தையோடு நின்றுவிடும். அவர் வெளியிலிருந்து, "இன்னா, செத்துட்டியா?" என்று கத்துவார். கடைசியில் எனக்காக விதியை மாற்றினார். ஒரு தோலைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும் முன் டிரம்மின் பலகையைக் கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். அந்தச் சத்தம் வரும் வரை அவர் வேறு எந்தப் பக்கமும் திரும்ப மாட்டார்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் முறுக்கு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. பண்டிகை என்றால் அவர் விடிந்ததும் பாலாற்று மணலில் நடக்கப் போய்விடுவார். காலை வாங்குகிற மணலில் வேண்டுமென்றே நடந்து, வேர்த்துக் கொட்டித் திரும்பி வருவார்.

அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "வாப்பா, உள்ள வா. ஏன் புதுப்பொண்ணாட்டம் வாசல்லயே நிக்கிற? நீயாவது துன்னு" என்று ஒரு தட்டு நிறைய அதிரசம் வைத்தார். "இவரு எடுப்பாரு. மோந்து பாப்பாரு. கண்ணுல தண்ணி வரும். அப்படியே வச்சிடுவாரு. நான் இன்னாதான் பண்றது சொல்லு."

நான் கேட்காமலே அவர் மனைவி மற்றதையும் சொன்னார்.

யுத்த காலத்தில் அண்ணனுக்கு டிரம்மில் ஒரு ஜோடி இருந்தான். முஸ்லிம் பையன். இருவரும் ஒருவரை ஒருவர் தோஸ்த் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவன் உள்ளே போவான், ஒரு நாள் இவர் போவார்.

"ரம்ஜான் மாசம் பூரா நோன்பு தொறக்கறப்போ இவரையும் கையப் புடிச்சு இட்டுக்கினு போய்டுவான். அவன் பகல்ல பட்டினி. இவரு பகல்லயும் துன்னுட்டு, சாயங்காலம் அவன் கூடவும் துன்னாரு. அவங்கம்மா விடமாட்டாங்க, போட்டுக்கினே இருப்பாங்க. அந்த வருசம் தீபாவளியும் கூடவே வந்துச்சு. நான் வேற சுட்டுச் சுட்டுப் போட்டேன். கன்னமெல்லாம் உப்பி, பாக்க ராஜாவாட்டம் இருந்தாரு. நான்தான் திருஷ்டி சுத்திப் போட்டேன்."

பட்டாளத்து பூட்ஸுக்கு அவசரமாகத் தோல் கேட்டார்கள் என்று, பண்டிகை லீவுக்கு முன்னால் டிரம்மில் சரக்கைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். லீவு முடிந்து வந்ததும் கதவைத் திறந்த சூட்டோடு தோஸ்த் உள்ளே இறங்கினான். மூடிக் கிடந்த டிரம்முக்குள் கெட்ட காற்று தங்கியிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு தோல் வெளியே வந்தது. அடுத்தது வரவில்லை. குரலும் வரவில்லை.

இவர் தலையை விட்டார். கையை நீட்டினார். தோள் போனது. இடுப்பு போகவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போன அதே கதவில் வயிறு சிக்கிக்கொண்டது. விரல் நுனியில் தோஸ்தின் தலைமுடி பட்டதாம். பிடிக்க எட்டவில்லை. உள்ளே போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை. வேறு ஒல்லி ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போக வழியில்லை. வழி அந்த ஒன்றுதான், அதை இவர் அடைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காலைப் பிடித்து இழுத்து இவரை வெளியே எடுத்தபோது இவருக்கே நினைவு தப்பியிருந்தது. அதற்கப்புறம்தான் தோஸ்தை எடுத்தார்கள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு அந்த வாரை வெட்டினாரு" என்றார் அவர் மனைவி. "ஒரு தபா அவருக்குத் தெரியாம கூழ்ல நெய்ய ஊத்திக் குடுத்தேன். பொண்டாட்டிதான, மனசு கேக்கல. வாரு இறுக்குனதும் கண்டுபுடிச்சிட்டாரு. திட்டல, அடிக்கல. 'இந்த வூட்ல நான் யாரக் கொல்லணும்னு பாக்குற?'ன்னு கேட்டாரு. அப்பால நான் அந்தப் பக்கமே போவல."

நான் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு பண்டிகை லீவு முடிந்தும் அவர் எல்லோருக்கும் முன்னால் டேனரிக்கு வந்துவிடுவார். காவல்காரரிடம் சொல்லி முந்தின நாளே டிரம் கதவைத் திறந்து வைத்திருப்பார். ஒரு முறை நானும் சீக்கிரம் போய்விட்டேன். விடிந்த வெளிச்சத்தில் அவர் டிரம் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு, கிணற்றில் குதிக்கிறவன் போலச் சாய்ந்து கதவுக்குள் நுழைந்தார். இடுப்பு மரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு கால் மறைந்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. யாரிடமோ பேசுகிற குரல்.

"தள்ளிக்க தோஸ்த். நான்தான். வந்துட்டேன், பாரு."

திரும்பி வாசலுக்குப் போய், அப்போதுதான் வருகிறவன் மாதிரி இருமிக்கொண்டு வந்தேன். அவர் வெளியே வந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். "சரியா இருக்குது. நீ போலாம்" என்றார்.

தோஸ்தின் அம்மா மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தார். ரம்ஜான் அன்று அண்ணன் அங்கே தவறாமல் போவார். ஒரு வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் கிண்ணம் நிறைய ஷீர் குருமா கொடுத்தார். பாலில் சேமியாவும் பேரீச்சம்பழமும் முந்திரியும் போட்டு, நெய் மிதந்தது. அவர் தொட மாட்டார் என்று நினைத்தேன். வழித்துக் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா பேட்டா? ரொம்ப எளச்சிட்டியே. எங்க புள்ள இருந்தா உன்ன இப்படி உட்டிருப்பானா?"

"ஊத்துங்கம்மா" என்று கிண்ணத்தை நீட்டினார்.

வெளியே வந்ததும் நேரே ஆற்றுக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். வெயிலில் மணல் கொதித்தது. வெகுதூரம் நடந்த பிறகு, "அங்க மட்டும் சாப்புட்டீங்களேண்ணே" என்றேன்.

"வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு தெரிஞ்சா, அவங்க போட்ட சோறு அவங்க புள்ளயத்தான் கொன்னுச்சுன்னு ஆய்டும். அப்பால அந்தம்மா யாருக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க."

அடுத்து வந்த நாட்களில் அவர் வெறும் மோரைக் குடித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். வெளியே நிற்கும்போது கால் நடுங்கும். ஆனால் கதவுக்குள் நுழைந்துவிடுவார்.

அது வீண் பயம் என்று நான்கூடச் சில சமயம் நினைத்ததுண்டு. ஒரு பொங்கல் லீவு கழிந்து வேலை தொடங்கிய அன்று அந்த நினைப்பு போனது. கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் நான் உள்ளே போய் அடியில் கிடந்த தோலைப் புரட்டியபோது முகத்தில் ஒரு வாடை அடித்தது. பலகையைத் தட்டக் கையைத் தூக்கியது வரைதான் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது வெளியே ஈரத் தரையில் கிடந்தேன். அவர் என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்பின் இரண்டு பக்கமும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. தட்டுச் சத்தம் நின்றதும் வாரைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். கண் மூடித் திறப்பதற்குள் என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாராம்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி தன் செலவில் எங்கள் இரண்டு பேருக்கும் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தார். "துன்னுய்யா, இன்னிக்கி உன் பண்டிகை" என்று அவர் முதுகில் தட்டினார். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மெதுவாக, "இன்னிக்காவது சாப்புடுங்கண்ணே. அதான் என்ன எடுத்துட்டீங்களே" என்றேன்.

"உன்ன எடுத்துட்டேன்டா. அவன் இன்னும் உள்ளதான கெடக்குறான்."

அந்தத் தட்டும் என்னிடம்தான் வந்தது. நான் சாப்பிட்டேன். பசி இருந்தது.

வருஷங்கள் ஓடின. பெரிய கதவு வைத்த புது டிரம்கள் வந்தன. பின்கட்டில் ஒரே ஒரு பழைய டிரம்மை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் வேலையை விட்டு நின்றார். அப்போதும் வாரைக் கழற்றவில்லை. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்தன.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்மஸ் சமயம் அவர் உடம்பில் நீர் கோர்த்துக்கொண்டது. முதலில் பாதம், பிறகு முகம், கடைசியில் வயிறு. வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது வார் தலையணைப் பக்கத்தில் கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் துன்னலடா. இவளக் கேளு. பண்டிகைக்கு ஒரு துண்டு கேக்குகூட வாயில வைக்கல. எப்படிடா இப்படி ஆச்சு? மாட்ட மாட்டேங்குதே."

"இது தண்ணிண்ணே. சோறு இல்ல."

"எதுவா இருந்தா இன்னா? கதவுக்குத் தெரியுமா?"

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று அந்த வாரை யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்தேன். எருமைத் தோலில் அதே அகலத்தில், நீளமாக இன்னொன்று வெட்டினேன். விளக்கெண்ணெயும் கரியும் தேய்த்துக் கறுப்பாக்கி, கல்லில் உரசிப் பழசாக்கினேன். பழைய பக்கிளைப் பிரித்து அதில் தைத்தேன். ஒரே ஒரு துளை போட்டேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதை ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். தோலைத் தொட்டே அது எந்த மாட்டின் எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய கை அது. துளைக்கு வந்ததும் விரல் நின்றது.

"போட்டுவுடு" என்றார்.

போட்டுவிட்டேன். பக்கிள் மாட்டியது. கட்டைவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். விரல் போனது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"கதவத் தொறந்து வச்சிருக்கியா?"

"தொறந்துதான் இருக்குதுண்ணே."

அடுத்த நாள் காலையில் ஆள் வந்து சொன்னான். நான் போனபோது அவர் மல்லாந்து கிடந்தார். இரண்டு கையும் தலைக்கு மேல் நீண்டு, உள்ளங்கைகள் சேர்ந்திருந்தன. குளிப்பாட்ட வந்தவர்கள் அந்தக் கைகளைக் கீழே இறக்குவதற்குச் சிரமப்பட்டார்கள். புது வார் அவரோடு போனது. பக்கிள் இல்லாத பழைய வார் என் பெட்டியில் இருக்கிறது.

இந்த வருஷம் ரம்ஜானும் பொங்கலும் ஒட்டிக்கொண்டு வந்தன. முதலாளி வீட்டுப் பிரியாணி, தெரிந்த பாய்மார் வீடுகளிலிருந்து ஷீர் குருமா, அது ஜீரணமாவதற்குள் எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கலும் வடையும். என் மனைவி கை தாராளமானவள். எனக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. பின்கட்டுப் பழைய டிரம்மில் இப்போது உள்ளே போகிறவன் எங்கள் தெருக்காரன், போன ஆவணியில் கல்யாணமானவன். அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பான், பலகையைத் தட்ட வேண்டியதில்லை. வெளியே நிற்பது நான்.

இன்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், என்னவோ தோன்றி, அந்த வாரை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். இரண்டு முனையும் சேரவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி.

நாளைக் கழித்து டிரம் திறக்க வேண்டும். அந்தக் கதவில் நுழைகிற அளவுக்கு நான் இளைக்கும் வரைக்கும் என்னை நம்பி அவன் உள்ளே போகக்கூடாது, வெளியே நிற்க வேறு ஆள் பார்க்கச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வார் கதவின் அளவு என்று அவனுக்குத் தெரியும். அதைக் கையோடு எடுத்துப் போய் அவன் எதிரில் சுற்றிக் காட்டிவிட்டால் போதும். பேச வேண்டியதில்லை.

மாட்டுப் பொங்கல், 1967.